கொழும்பில் ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் காரும் பனிக்காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறொன்ரோ, மொன்றியல், லண்டன், ஒஸ்லோ என்று குடிபெயரும்போது வீட்டில் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் கூடவே கொண்டுபோக நினைப்பவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. போன இடத்தில் அப்படி ஒன்றை வாங்குபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். உதாரணங்கள் பெரும்பாலும் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்தே இருக்கும். ட்ரையம்ப் ஸ்பிற்ஃபயர், எம்.ஜி. மிட்ஜெற், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் போன்றவற்றுக்கும் அடிப்படை அதுவே. வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

பனி நாட்டில் இந்தக் காரை ஓட்டத்தான் முடியுமா?

முடியும். 1960களிலும் 70களிலும் இவை இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் ஆண்டு முழுக்க வேலைக்குப் போய்வந்த கார்கள். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கும் மேல் தயாரானது. அதில் பெரும்பங்கு வட அமெரிக்காவுக்கே போனது.

காரைக் கெடுப்பவை வேறு இரண்டு. ஒன்று, ஐஸை உருக்க வீதியில் கொட்டும் உப்பு. மற்றது, கொழும்பு வெயிலைத் தாங்குவதற்காகப் பல ஆண்டுகளாக அந்தக் காரில் செய்யப்பட்ட மாற்றங்கள். முதலாவதுக்கு முழுமையான தீர்வு இல்லை, அளவைக் குறைக்கலாம். இரண்டாவதை ஒரு வார வேலையில் சரிசெய்யலாம். உலர்ந்த குளிர் நாட்களில் தாராளமாக ஓட்டுங்கள். உப்புக் கரைசல் வழியும் நாட்களுக்கு விலை குறைந்த வேறொரு காரை வைத்திருங்கள். இதுதான் எங்கள் நிலைப்பாடு.

கொழும்புக் காரில் என்ன மாற்றியிருப்பார்கள்?

முதலில் தேர்மொஸ்ராற் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். காலி வீதி நெரிசலில் எஞ்சின் சூடேறுகிறது என்று எப்போதோ ஒரு மெக்கானிக் பாஸ் அதைக் கழற்றி எறிந்திருப்பார். இங்கே அதனால் பெரிய கேடில்லை. மைனஸ் 15 பாகையிலோ எஞ்சின் சூடாகவே மாட்டாது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஒயிலில் இறங்கும். எரிப்பில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து நிற்கும். சில நாட்களில் ஒயில் மூடியைத் திறந்தால் அடிப்பக்கத்தில் மயோனைஸ் போல வெளிர்மஞ்சள் பசை ஒட்டியிருக்கும். அது தண்ணீரும் ஒயிலும் கலந்த குழம்பு. எம்.ஜி.பி. காருக்கு 74, 82, 88 பாகையில் திறக்கும் மூன்று வகைத் தேர்மொஸ்ராற் உண்டு. 74 வெப்ப நாட்டுக்கு. பனிக்காலத்துக்கு 88 போடுங்கள்.

அடுத்தது ஹீற்றர். எம்.ஜி.பி.யின் ஆரம்ப ஆண்டுகளில் ஹீற்றர் மேலதிகக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகத்தான் இருந்தது. ஆகவே இங்கு வந்த கார்களில் ஹீற்றரே இல்லாதிருக்கலாம். இருந்தாலும் அதன் குழாய் ஒழுகியபோது இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து மூடியிருக்கலாம். ஹீற்றர் கையைச் சூடாக்க மட்டும் அல்ல. ஓடும்போது முன்கண்ணாடியின் உட்பக்க நீராவியையும் வெளிப்பக்க ஐஸையும் அகற்றுவதும் அதுதான். ஹீற்றர் இல்லாத காரைப் பனிக்காலத்தில் வீதிக்கு எடுக்க வேண்டாம். பெட்டி, சிலிண்டர் ஹெட்டில் பொருத்தும் தண்ணீர்த் தப்பு (திறந்து மூடும் வால்வு), இரண்டு ரப்பர் குழாய், கண்ணாடிக்குக் காற்றை ஏற்றும் இரண்டு குழாய், இயக்கும் கேபிள்கள் என எல்லாம் வேண்டும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி அலைவதை விட இங்கிலாந்தில் இருந்து எடுப்பிப்பது சுலபம்.

சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுப்பது) கேபிளை இழுத்துப் பாருங்கள். 30 பாகையில் யாருக்கும் சோக் தேவைப்படாததால் கேபிள் இறுகியிருக்கும் அல்லது காபரேற்றர் பக்கம் கழன்று கிடக்கும். எஸ்.யு. வகைக் காபரேற்றரில் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கருவி) சோக்கை இழுக்கும்போது அடியிலுள்ள ஜெற் (பெற்றோல் வரும் சிறு குழாய்) கீழே இறங்க வேண்டும், விட்டதும் முழுதாக மேலே ஏற வேண்டும். பாதியில் நின்றால் கார் கறுப்புப் புகை தள்ளிக்கொண்டே ஓடும்.

பிறகு ரேடியேற்றரில் உள்ள வெறும் தண்ணீர். அதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

ரேடியேற்றரில் தண்ணீர்தான் இருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு மாற்றினால் போதாதா?

போதாது. பலருடைய எஞ்சின் புளொக் வெடிப்பது ஓட்டும்போது அல்ல, கொள்கலனுக்குள். கொழும்புத் துறைமுகத்தில் 30 பாகையில் ஏற்றிய கார் ஜனவரியில் ஹலிஃபக்ஸிலோ மொன்றியலிலோ இறங்கி, சுங்க வேலை முடியும்வரை வெட்டவெளியில் நிற்கும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்புப் புளொக் அதற்கு இடம் கொடாது. பக்கத்தில் உள்ள கோர் பிளக் வெளியே தள்ளப்பட்டுப் புளொக் தப்பும் என்று சொல்வார்கள். அந்தப் பிளக் அதற்காக வைக்கப்பட்டது அல்ல, வார்ப்பு மணலை எடுத்த துளையை மூடுவது. அதை நம்ப வேண்டாம்.

கொழும்பிலேயே உறைதடுப்புத் திரவம் நிரப்பிவிட்டு ஏற்றுங்கள். இங்கே கடைகளில் விற்கும் கலந்த கூலன்ற் பெரும்பாலும் துருவையும் கொதிப்பையும் தடுப்பதற்கானது. அதில் உறைவதைத் தடுக்கும் கிளைக்கோலின் அளவு குறைவாக இருக்கலாம். போத்தலில் உறைநிலை அச்சிடப்பட்டிருக்காவிட்டால் வாங்க வேண்டாம். வைப்பர் தண்ணீர்ப் போத்தலையும் காலி செய்யுங்கள். பலருக்கு மறந்துபோவது இதுதான்.

உறைதடுப்பை எப்படி, எவ்வளவு நிரப்புவது?

எதிலீன் கிளைக்கோல் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. இந்தக் கலவை ஏறத்தாழ மைனஸ் 37 வரை உறையாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டால் மைனஸ் 18 அளவில் நின்றுவிடும். கூடப் போட்டால் நல்லது என்று தனிக் கிளைக்கோலையே ஊற்றுபவர்களும் உண்டு. அது மைனஸ் 13 பாகையிலேயே உறையும், சூட்டையும் நன்றாகக் கடத்தாது.

பழைய பித்தளை ரேடியேற்றருக்கு, ஈய ஒட்டுக்குப் பாதகமில்லாத பழைய வகைத் திரவமே பாதுகாப்பு. புதிய கார்களுக்கான நீண்டகால அமிலவகைத் திரவங்கள் சில பழைய ஒட்டையும் சீல்களையும் தின்றிருக்கின்றன. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். லேபலை வாசியுங்கள்.

ரேடியேற்றரின் கீழ்க்குழாயைக் கழற்றி வடியுங்கள். அதோடு நிறுத்தினால் புளொக்குக்குள் பழைய தண்ணீர் நிற்கும். புளொக்கின் பக்கத்தில் உள்ள வடிகால் தப்பையும் திறக்க வேண்டும். திறந்தும் தண்ணீர் வராவிட்டால் துருச்சேறு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்தி எடுங்கள். ஹீற்றர் தப்பைத் திறந்துவைத்து, தோட்டக் குழாயால் தெளிந்த தண்ணீர் வரும்வரை எதிர்த்திசையில் கழுவுங்கள். ரேடியேற்றர், புளொக், ஹீற்றர் எல்லாம் சேர்ந்து 6 லீற்றர் கொள்ளும் என்றால் முதலில் 3 லீற்றர் கிளைக்கோலை ஊற்றி, பிறகு நீரால் நிரப்புங்கள். கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும் என்பதால் நீரை முதலில் ஊற்றினால் கிளைக்கோலுக்கு இடம் போதாமல் போகும். எஞ்சினை 20 நிமிடம் ஓடவிட்டு, ஹீற்றர் குழாய் இரண்டும் சுடுகின்றனவா என்று தொட்டுப் பார்த்து, ஆறியபின் மட்டத்தைச் சரிசெய்து, உறைநிலை அளக்கும் கருவியால் ஒரு துளி எடுத்துச் சோதியுங்கள்.

எந்த ஒயில்?

கொழும்பில் எல்லோரும் போடும் 20டபிள்யூ-50 மைனஸ் 15க்குக் கீழே தேன்பாகு மாதிரி. 20டபிள்யூ என்ற தரம் மைனஸ் 15இல் எஞ்சினைச் சுழற்றுவதற்கும் மைனஸ் 20இல் பம்பில் ஏறுவதற்கும்தான் சோதிக்கப்படுகிறது. 10டபிள்யூவுக்கு அவை மைனஸ் 25உம் மைனஸ் 30உம், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30உம் மைனஸ் 35உம். லண்டனுக்கு 20டபிள்யூ-50 பெரும்பாலும் போதும். ரொறொன்ரோவுக்கு 10டபிள்யூ-40. மொன்றியல், வினிபெக் என்றால் 5டபிள்யூ-40. எதுவானாலும் துத்தநாகச் சேர்மானம் போதியளவு உள்ள, பழைய எஞ்சினுக்கென்று எழுதியதாக இருக்கட்டும். வால்வுகளைத் திறக்கும், தட்டையான ரப்பெற் உள்ள கேம்ஷாஃப்ற் அது இல்லாமல் தேயும். எம்.ஜி.பி.யின் கியர்பொக்ஸும் எஞ்சின் ஒயிலிலேயே ஓடுவதால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். முதல் சில கிலோமீற்றருக்குக் கியர் இறுக்கமாக விழுவதும் ஓவர்டிரைவ் (வேக ஓட்டத்துக்கான மேலதிக கியர்) பிடிக்காமல் இருப்பதும் பழுது அல்ல.

காபரேற்றரின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே ஊற்றும் ஒயிலையும் மறக்க வேண்டாம். அங்கே தடித்த ஒயில் இருந்தால் பிஸ்டன் மேலே எழும்பத் தாமதிக்கும். குளிருக்கு மெல்லிய ஒயில் சரி.

பற்றரி புதியதுதானே, அது தாங்காதா?

வெப்ப நாடுகளுக்கான பற்றரியில் அமிலத்தின் ஒப்படர்த்தியைக் குறைத்தே நிரப்புவார்கள், 1.240 அளவில். குளிர் நாட்டில் 1.265 முதல் 1.280 வரை. ஆகவே கொழும்புப் பற்றரி முழுதாக ஏற்றியிருந்தாலும் அங்கே கொஞ்சம் பின்தங்கியே நிற்கும். மைனஸ் 18இல் எந்தப் பற்றரியும் தன் பலத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் தரும். எஞ்சினோ அந்த நேரத்தில் கூடுதல் பலம் கேட்கும். போய் இறங்கியதும் புதியதாக, குளிர்த் தொடக்க அம்பியர் கூடியதாக வாங்குங்கள். 1974 வரையான எம்.ஜி.பி.யில் ஆசனங்களுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ற் பற்றரி இருக்கும். பின்சக்கரம் அடிக்கும் உப்புநீர் அந்தப் பெட்டிகளை அரித்துவிடும். 12 வோல்ற் ஒன்றாக மாற்றியிருந்தால் காலியான பெட்டியையும் திறந்து பாருங்கள்.

பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ உள்ள பழைய காருக்கு வேறு கணக்கு. லூக்காஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர் தரும், அதுவும் நல்ல சுற்றில். முன்விளக்கு, வைப்பர், ஹீற்றர் விசிறி, இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் அந்த அளவைத் தொட்டுவிடும். சிக்னலில் நிற்கும்போது டைனமோ தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பனிக்காலத்தில் மாலை 5 மணிக்கே இருட்டுகிற ஊரில் நெரிசலில் ஓட்டினால் இரண்டு நாளில் பற்றரி இறங்கும். ஒல்ரனேற்றர் போடுவதுதான் தீர்வு. பொசிற்றிவ் ஏர்த் காராக (பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்தது) இருந்தால் அதே வேலையில் நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றுங்கள்.

இறங்கிய பற்றரி மைனஸ் 10 சுற்றிலேயே உறையக்கூடும். உறைந்த பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டாம், வெடிக்கும். இங்கிருந்து 230 வோல்ற் சார்ஜரைக் கொண்டுபோகவும் வேண்டாம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்.

மைனஸ் 20இல் காலையில் எப்படி ஸ்ராற் பண்ணுவது?

கனடாவில் எஞ்சின் புளொக்கில் பொருத்தும் மின் சூடாக்கி உண்டு. எம்.ஜி.பி.யின் பி வகை எஞ்சினுக்குக் கோர் பிளக்கின் இடத்தில் மாட்டும் வகை கிடைக்கும். 400 முதல் 600 வாற் போதும். இரவு முழுக்கப் போடத் தேவையில்லை. நேரம் வைக்கும் சுவிற்சில் இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு தொடங்கினால் சரி.

கிளச்சை முழுதாக மிதியுங்கள். அப்போது ஸ்ராற்றர் கியர்பொக்ஸ் ஒயிலைக் கிண்ட வேண்டியதில்லை. சோக்கை முழுக்க இழுத்து, அக்சிலறேற்றரைத் தொடாமல் சுழற்றுங்கள். எஸ்.யு.வில் பம்ப் இல்லை, மிதித்து மிதித்துப் பயனில்லை. ஒரு தடவை 10 வினாடிக்கு மேல் வேண்டாம், இடையே ஒரு நிமிடம் விடுங்கள். பிடித்ததும் ஒயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் நின்றபின் மெதுவாக ஓட்டத் தொடங்கி, இளகும் அளவுக்குச் சோக்கைப் படிப்படியாக உள்ளே விடுங்கள். நின்ற இடத்திலேயே கால் மணிநேரம் ஓடவிடுவதால் எஞ்சின் சூடாவதை விடச் சிலிண்டர் தேய்வதுதான் அதிகம். மூடிய கராஜுக்குள் ஒருபோதும் ஓடவிட வேண்டாம். பனி குவிந்து சைலன்சர் வாய் அடைபட்டிருந்தாலும் அப்படியே. புகையிலுள்ள நச்சுவாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

மைனஸ் 20இல் காற்று, 30 பாகைக் காற்றை விட ஏறத்தாழ 20 சதவீதம் அடர்த்தியானது. கொழும்பில் சரிசெய்த கலவை அங்கே மெலிந்துவிடும், கார் இருமும். ஜெற்றின் அடியிலுள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம், தேவையானால் இரண்டு முகம் கீழே இறக்குங்கள். இரண்டு காபரேற்றரிலும் ஒரே அளவு.

கடுங்குளிரில் நன்றாக ஓடிய கார், பனி உருகும் ஈரநாளில் நின்று போகிறதே?

காபரேற்றருக்குள் ஐஸ் கட்டுகிறது. பெற்றோல் ஆவியாகும்போது காற்றின் சூட்டை இழுக்கும். சைபருக்குச் சற்று மேலும் கீழும், ஈரப்பதம் கூடிய காற்றில், பிஸ்டன் ஓரத்திலும் திரொட்டில் தகட்டிலும் ஐஸ் படரும். மைனஸ் 20இல் காற்று உலர்ந்திருப்பதால் இது குறைவு. பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் எஞ்சின் சூட்டில் உருகி மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் போகும்போது ஒன்றும் தெரியாது. காற்றுவடியின் வாயை வெளியேற்றக் குழாயின் பக்கம் திருப்பி, சூடான காற்றை எடுக்கச் செய்யுங்கள். ரேடியேற்றரின் பாதியை அட்டையால் மறைத்தாலும் உதவும், ஆனால் வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும்.

டயர்?

நான்கும் பனிக்கால டயர். மலையும் பனிப்பூவும் பொறித்த அடையாளம் பக்கத்தில் இருக்க வேண்டும். 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும், பனி இல்லாத வீதியிலும். பின்னால் இரண்டு மட்டும் போட்டால் கார் புறப்படும், திரும்ப மாட்டாது. பழைய கார்களின் ஒடுங்கிய டயர் பனியில் வரம்தான், பனியை வெட்டித் தரையைத் தொடும். அகலமானது போட வேண்டாம். டயரின் பூ (பள்ளங்களின் ஆழம்) 4 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றுங்கள்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். நோர்வேயில் பனிக்காலத்தில் பூ குறைந்தது 3 மில்லிமீற்றர். பிரித்தானியாவில் சட்டக் கட்டாயம் இல்லை.

காற்றழுத்தம்: 30 பாகையில் 28 பி.எஸ்.ஐ. அடித்த டயர் மைனஸ் 20இல் 21க்கு இறங்கிவிடும். ஒழுக்கு அல்ல, காற்று சுருங்குவதுதான். கார் வெளியே நின்று குளிர்ந்த பிறகே அளந்து நிரப்புங்கள்.

கம்பிச் சக்கரம் இருக்கிறது. உப்பில் ஓட்டலாமா?

வேண்டாம். குறிப்பாகக் குரோம் பூசியதில் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கம்பியும் நிப்பிளுக்குள் நுழையும் இடத்தில் உப்புநீர் தங்கும். குரோம் பூச்சின் அடியில் அரிப்பு நடப்பது வெளியே தெரியாது. தெரியும் நாளில் கம்பி முறிந்திருக்கும். இரும்புத் தட்டுச் சக்கரத்துக்கு மாற்றுவதும் எம்.ஜி.பி.யில் லேசான காரியம் அல்ல. கம்பிச் சக்கரத்துக்கான ஹப் பல்லுள்ளது, பின் அக்சிலும் ஒடுங்கியது. ஆகவே பெயின்ற் அடித்த கம்பிச் சக்கரத்தில் இரண்டாவது செற் வாங்கி, மெழுகு தெளித்து, பனிக்காலத்துக்கென்றே வைத்திருங்கள். குரோம் செற் வீட்டுக்குள் இருக்கட்டும். கம்பிச் சக்கரத்துக்கு உள்ளே ரியூப் வேண்டும் என்பதை டயர் கடைக்காரருக்கு நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

உப்பு என்ன செய்யும்? வெள்ளவத்தைக் கடற்காற்றில் நின்ற காருக்கு அது புதிதா?

அளவிலே புதிது. மரைன் டிரைவில் கடற்காற்று மேலே படியும், மழை கழுவிவிடும். பனி நாட்டிலோ உப்புக் கரைசலைச் சக்கரமே அழுத்தமாக அடிப்பக்கத்துக்கு, மடிப்புகளுக்குள் அடிக்கிறது, நாலைந்து மாதம் தொடர்ந்து. சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே நன்றாக வேலை செய்யாததால் கல்சியம் குளோரைட்டும் போடுவார்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இரும்பு காய்வதே இல்லை.

இங்கே அண்டர் சீல் அடித்த கார் என்றால் கூடுதல் கவனம். துருவின் மேலேயே தார் பூசியிருந்தால் அது காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் உப்புநீர் புகுந்து, வெளியே வர வழியின்றி உள்ளேயே தின்னும். ஸ்குரூட்றைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். மொத்தமான மந்தச் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பில்லை, சுரண்டி எடுங்கள். புட்டி வைத்து மறைத்த சில்லையும் (சக்கரம் அல்ல, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி) ஒரு சிறு காந்தம் காட்டிக்கொடுக்கும். ரிங்கர் (தகட்டு) வேலை கொழும்பில் கையால் நன்றாக, ஒப்பீட்டளவில் மலிவாக நடக்கும். போவதற்கு முன்பே முடியுங்கள்.

பிறகு மெழுகு. நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, உட்குழிவுகளுக்குள் நீண்ட குழாயால் மெழுகு தெளியுங்கள். இரு பக்கச் சில், கதவின் அடி, முன்சக்கரத்தின் பின்னால் சேறு அடையும் தடுப்புத் தகட்டின் பின்புறம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பற்றரிப் பெட்டி என்று ஒன்றையும் விட வேண்டாம். இந்த அளவுக் காருக்கு உள்ளும் அடியும் சேர்த்து ஏறக்குறைய 5 லீற்றர் போகும். தண்ணீர் வடியும் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் கட்டுக்கம்பியால் குத்திவிடுங்கள். மெழுகு இல்லாத சில்லை விட, துளை அடைபட்ட சில் சீக்கிரம் போகும். கனடாவில் ஆண்டுதோறும் அடியில் ஒயில் தெளிக்கும் கடைகளும் உண்டு. மெழுகின் மேல் அதையும் செய்யலாம்.

சூடான கராஜில் வைத்தால் நல்லதுதானே?

உப்புப் படிந்த காருக்கு அல்ல. மைனஸ் 10இல் வெளியே நிற்கும் காரில் துருப்பிடிப்பது மிக மெதுவாக நடக்கும். அதே காரை 15 பாகைக் கராஜுக்குள் கொண்டுவந்தால் பனி உருகி, உப்பு கரைந்து, இரவு முழுக்க வேலை செய்யும். கழுவிக் காயவைத்த காருக்கே சூடான கராஜ். கழுவுவதும் சைபருக்கு மேலான நாளில். மைனஸ் 15இல் கழுவினால் பூட்டும் கதவு ரப்பரும் பிரேக்கும் உறைந்துவிடும்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம்?

தூரம். உலர்ந்த தாரில் 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்கலாம். இறுகிய பனியில் 40 மீற்றரளவு, வெறும் ஐஸில் 100 மீற்றரளவு. பிரேக்கில் கால்போக எடுக்கும் நேரம் இதற்குள் இல்லை. ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் முறை) இல்லாத காரில் சக்கரம் பூட்டினால் ஸ்ரியறிங் திருப்பியும் கார் நேரேதான் போகும். பிரேக்கை விட்டு, சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி மெதுவாக அழுத்த வேண்டும்.

பின்சக்கர இழுவைக் கார். புறப்படும்போது இரண்டாம் கியரில், கிளச்சை மெல்ல விட்டு எடுங்கள். வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் வேகத்தைக் குறையுங்கள். கியரைச் சட்டென்று குறைத்தால் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், பின்பக்கம் வெளியே போகும். அப்படிப் போனால் கிளச்சை மிதித்து, பின்பக்கம் சரியும் அதே பக்கத்துக்கு ஸ்ரியறிங்கைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். பிரேக் வேண்டாம். இதை வீதியில் பழகாமல், முதல் பனி விழுந்த ஞாயிறு காலையில் அனுமதி பெற்ற வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில் 20 கிலோமீற்றர் வேகத்தில் பழகுங்கள். பின் அக்சிலுக்கு மேலே 20 முதல் 30 கிலோ மணல் மூட்டை, அசையாமல் கட்டி வைக்கலாம். சிக்கினால் சக்கரத்தின் முன் தூவவும் ஆகும்.

பாலங்கள் வீதியை விட முந்தி உறையும், அடியிலும் காற்று ஓடுவதால். ஈரமாகத் தெரியும் வீதியில் முன்னால் போகும் கார் தண்ணீரை வாரி இறைக்கவில்லை என்றால் அது ஐஸ் என்றே எண்ணுங்கள்.

வொக்ஸ்வகன் பீற்றிலும் மஸ்டா எம்.எக்ஸ்-5உம்?

பீற்றிலுக்குப் பின்னால் எஞ்சின் இருப்பதால் ஏற்றத்தில் நன்றாகப் பிடிக்கும், ரேடியேற்றர் உறையும் கவலையும் இல்லை. முன்பக்கம் பாரம் குறைவு, திருப்பினால் வழுக்கும். அதன் ஹீற்றர் வெளியேற்றக் குழாயைச் சுற்றிய காற்றையே உள்ளே அனுப்புகிறது. குழாயில் ஓட்டை இருந்தால் விஷவாயு காருக்குள் வரும். பனிக்காலத்துக்கு முன் அதைக் கட்டாயம் சோதியுங்கள். முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5இல் கூரையின் பின்னாலுள்ள வடிகுழாய் அடைபட்டால் தண்ணீர் சில்லுக்குள் இறங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

துணிக் கூரை, கதவு, ஹான்ட் பிரேக்?

குளிரில் கூரையை மடிக்க வேண்டாம், பின்புறப் பிளாஸ்ரிக் ஜன்னல் கண்ணாடி போல உடையும். கதவு ரப்பருக்குச் சிலிக்கன், பூட்டுக்குக் கிராஃபைற். வைப்பர் கண்ணாடியோடு உறைந்திருக்கும்போது சுவிற்சைப் போட்டால் மோட்டார் எரியும். நனைந்த காரை இரவு நிறுத்தும்போது ஹான்ட் பிரேக் போட வேண்டாம், ஷூ டிரமோடு உறையும். கியரில் விட்டுச் சக்கரத்துக்கு ஆப்பு வையுங்கள்.

கடதாசி வேலைகள்?

1945 ஜனவரி 1க்கு முன் இலங்கையில் முதற்பதிவான பயணிகள் காரை வெளியே அனுப்ப ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு உரிமம் வேண்டும். போருக்கு முந்திய எம்.ஜி. வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். கனடா 15 ஆண்டுக்கு மேற்பட்ட காரைத் தன் பாதுகாப்புத் தர விதிகளில் இருந்து விலக்குகிறது, அமெரிக்கா 25 ஆண்டு. வயது உற்பத்தி மாதத்தில் இருந்து கணக்கிடப்படும். பதிவுப் புத்தகத்தில் அது தெளிவில்லை என்றால் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் எம்.ஜி. போன்ற கார்களுக்கு உற்பத்திச் சான்றிதழ் தரும். காரின் அடியில் ஒரு பிடி மண்கூட இருக்கக் கூடாது. கனடாவில் மண் கண்டால் திருப்பி அனுப்புவார்கள்.

வலப்பக்க ஸ்ரியறிங்கைப் பற்றிப் பயம் வேண்டாம், ஒன்ராறியோவில் அனுமதி உண்டு. முன்விளக்கு மட்டும் மாற வேண்டும். இங்குள்ளது தாழ்த்தும்போது இடப்பக்கம் பாயும், அங்கே அது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். 7 அங்குல வட்ட விளக்கு என்பதால் மாற்றுவது அரை மணி நேர வேலை. பிரித்தானியாவுக்குப் போனால் இதுவும் தேவையில்லை.

இலங்கை அனுமதிப்பத்திரத்தில் ஒன்ராறியோவில் 60 நாள்தான் ஓட்டலாம். எத்தனை ஆண்டு ஓட்டியவர் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புறப்படும் முன்பே கடிதம் எடுத்து வையுங்கள்.

ஓட்டாமல் நிறுத்தி வைப்பதானால்?

கடைசி ஓட்டத்தில் டாங்கை நிரப்பி, பெற்றோல் பாதுகாக்கும் திரவம் சேர்த்து, அது காபரேற்றர்வரை வரும்படி பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஒயிலை நிறுத்தும் முன் மாற்றுங்கள், எடுக்கும்போது அல்ல. பழைய ஒயிலின் அமிலம்தான் பேரிங்கை மாதக்கணக்கில் தின்பது. டயருக்கு 40 பி.எஸ்.ஐ. பற்றரிக்குப் பராமரிப்புச் சார்ஜர். கிளச்சை ஒரு மரத்துண்டால் மிதித்த நிலையில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தட்டு ஒட்டிக்கொள்ளும். சைலன்சர் வாயில் இரும்புக் கம்பளி, எலி புகாமல். காற்றுப் புகும் துணி உறை. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்ராற் பண்ணிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஐந்து நிமிடம் எஞ்சினுக்குள் தண்ணீரைச் சேர்க்குமே தவிர அதை ஆவியாக்கும் சூட்டைத் தராது.

எப்போது மறுபடி வெளியே எடுக்கலாம்?

பனி உருகிய அன்றே அல்ல. வீதி ஓரத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். இரண்டு மூன்று பெருமழை அதைக் கழுவும்வரை பொறுங்கள். ஒன்ராறியோவில் இது பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகுதான். அந்த நாட்களில் பெற்றோல் பம்புகளில் குளிர்காலப் பெற்றோல் இன்னும் இருந்தால், அது சீக்கிரம் ஆவியாகும் வகை என்பதால், வெயில் ஏறிய மதியத்தில் எரிபொருள் குழாயில் ஆவி அடைத்து எஞ்சின் நிற்கலாம். கோடைப் பெற்றோல் வந்ததும் சரியாகிவிடும். கலவைக்காக இறக்கிய ஜெற் நட்டை அதே அளவு மேலே ஏற்றுங்கள். ரேடியேற்றர் அட்டையைக் கழற்றுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பிறகு தோட்டக் குழாயைக் காருக்கு அடியில் வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, சில்லின் வடிதுளை ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பியோடு சிவப்பு நிறச் சேறு வந்தால் அந்தச் சில்லுக்கு இந்த ஆண்டே மெழுகு வேண்டும்.